விண் ஓய்ந்த காலை

தெஹிவளை,
பெப்ரவரி 3.

மதிப்புக்குரிய திரு. தியாகலிங்கம் அவர்களுக்கு,

முன்பின் அறியாத ஒருத்தியின் கடிதம் என்று திகைக்க வேண்டாம். நீங்களும் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு தொடங்குகிறேன்.

நான் நேசம்மா நவரட்ணம். ஜனவரி ஒன்பதாம் திகதி காலை, தரையிறங்க வந்த இடத்தில் உங்கள் ஊர்க் கடலில் விழுந்த சின்ன விமானத்தில் இருந்த நதானியேல் என் மகன். ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வயது. விமானம் ஓட்டப் பழக்குவதுதான் அவனுடைய வேலை. பக்கத்தில் இருந்த யதுசன் அவனிடம் பழகிய மாணவன், இருபது வயது. இருவரையும் கடலில் இறங்கித் தூக்கியவர் பனைமுனை மீனவர் தியாகலிங்கம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். விலாசம் இல்லை. ஊரையும் பெயரையும் மட்டும் எழுதி அனுப்புகிறேன். தபால்காரர் கெட்டிக்காரராக இருந்தால் வந்து சேரும்.

நேரில் வந்து உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டியவள் நான். நவம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளையின் அடக்கத்துக்கே சக்கரக் கதிரையில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். போனில் கதைக்கலாமே என்று நினைப்பீர்கள். கதைத்தால் அழுகை முந்திவிடும். முப்பத்திரண்டு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், எழுதும்போது கொஞ்சம் கட்டுப்பாட்டோடு இருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் போனபோது அவனுக்கு உயிர் இருந்ததா? ஏதாவது சொன்னானா? என்னைத் தேற்றுவதற்காக ஒன்றும் எழுத வேண்டாம். கண்டதை எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நேசம்மா நவரட்ணம்

*

பனைமுனை, யாழ்ப்பாணம்.
பெப்ரவரி 12.

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் இடுப்பு வருத்தம் குறைந்து, பிடித்துப் பிடித்தாவது நடக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், மனைவி உதயகலா, மகள் ஆரபி மூவரும் பிள்ளையார் புண்ணியத்தில் இருக்கிறோம். ஆரபிக்கு இந்த வருடம் உயர்தரப் பரீட்சை.

கடிதம் வந்து ஐந்து நாள். எழுத இருப்பதும் எழும்புவதுமாக இழுபட்டு இன்றைக்குத்தான் முடிகிறது. நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் ரீச்சர் மன்னிக்க வேண்டும்.

அன்றைக்குக் காலை ஆறே முக்கால் இருக்கும். நான் கரையில் வலை உதறிக்கொண்டு நின்றேன். கடற்பக்கத்தால் விமானம் பதிந்து வந்தது. எங்கள் ஊருக்கு மேலால் போய் ஓடுபாதையில் இறங்குவது வழமை. திடீரென்று ஒரு பக்கத்துச் செட்டை சரிந்தது. அப்படியே புரண்டு விழுந்தது. கரையில் இருந்து இருநூறு மீற்றர் தூரம், மார்பளவு தண்ணீர். நானும் பக்கத்து வீட்டுச் செபநாயகம் அண்ணையும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனோம். படிக்க வந்த பிள்ளை அதிலேயே முடிந்துவிட்டார். உங்கள் மகனுக்குக் கொஞ்ச நேரம் உயிர் இருந்தது.

ஒருமுறை "அம்மா" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வேதனைப்படவும் இல்லை. நித்திரை கொள்கிற மாதிரித்தான் போனார்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை அம்மா. நன்றி எல்லாம் வேண்டாம். உண்மையாகவே வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
க. தியாகலிங்கம்

*

தெஹிவளை,
பெப்ரவரி 21.

அன்புள்ள தம்பி தியாகலிங்கம்,

நீரும் உதயகலாவும் சுகம்தானே? ஆரபிக்கு ஆங்கிலத்தில் ஏதும் தடங்கல் என்றால் எழுதச் சொல்லும், இங்கிருந்தே திருத்தி அனுப்புகிறேன். நான் இப்போது நாலுகால் தடி பிடித்து அடுப்படி வரை போகிறேன்.

என்னை அம்மா என்று எழுத வேண்டாம், அக்கா என்று எழுதும். அந்தச் சொல்லை நான் இப்போது தனியே எடுத்து வைத்திருக்கிறேன். உமது கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எண்ணவில்லை. நதானியேல் கதைக்கத் தொடங்கிய நாள் முதல் என்னை மம்மி என்றுதான் கூப்பிடுவான். அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சாகிற நேரத்தில் அப்படி வந்திருக்கலாம். வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் காலையில் கட்டிலை விட்டு எழும்புகிறேன்.

மற்றது ஒரு கெட்ட செய்தி. விசாரணைக் குழுவின் முதல் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லையாம். வானிலை நல்லதாம். மிஞ்சியது என் பிள்ளை. "பயிற்றுநரின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். முதல்நாள் நித்திரை கொண்டானா, குடிப்பானா என்று என்னிடமே கேட்டார்கள். சோடாவுக்கு மேல் ஒன்றும் குடியாதவன்.

வெள்ளவத்தையில் இருந்து யதுசனின் தகப்பன் ஒரு தரம் போன் எடுத்தார். "உங்கடை மகன் என்ரை பிள்ளையைக் கொன்றுபோட்டார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வாதாட என் கையில் ஒன்றும் இல்லை. சாவைத் தாங்கப் பழகலாம் தம்பி, இதைத் தாங்கப் பழக முடியவில்லை.

நீர் கண்ணால் கண்டவர். அவன் வந்த பாதையில் ஏதாவது நின்றதா? பறவைக் கூட்டம், வேறு ஏதாவது? யோசித்து எழுதும்.

அன்புடன்,
நேசம்மா அக்கா

*

பனைமுனை.
மார்ச் 26.

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்கக் கூடாது. உங்கள் நடை எப்படி? இரவில் இடுப்பு நோகும், நல்லெண்ணெய் பூசி வெந்நீர் ஒத்தடம் பிடியுங்கள். எங்கள் வீட்டிலும் சுகத்துக்குக் குறைவில்லை. உதயகலாவுக்கு மட்டும் நெஞ்சு படபடப்பு என்று சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டினோம். பயப்பட ஒன்றும் இல்லையாம்.

இந்த மாதம் சூடை மீன் நல்லாகப் பட்டது. போன கிழமை வலை கடலடிப் பாரில் சிக்கிக் கிழிந்து, அதைப் பொத்துவதிலேயே நாள் போய்விட்டது. செபநாயகம் அண்ணை புது எஞ்சின் போட்டிருக்கிறார். ஆரபி உங்களுக்கு எழுத வெட்கப்படுகிறாள்.

நீங்கள் கேட்டதற்கு, பறவை ஒன்றும் நான் காணவில்லை. காற்று மாறியிருந்தது, அவ்வளவுதான். விடியற்காலையில் வாடைக்காற்று அடங்கி, கரையில் இருந்து கடலுக்கு லேசாக வீசியது. உங்கள் மகனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நீங்கள் நம்ப வேண்டாம். அவர் நிதானமாகத்தான் வந்தார். விழுந்த பிறகு ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் நின்றுபோயிருந்தது.

அந்தக் கரைப் பக்கம் நான் இப்போது அதிகம் போவதில்லை. வள்ளத்தை மேற்குப் பக்கம் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
தியாகலிங்கம்

*

தெஹிவளை,
ஏப்ரல் 3.

அன்புள்ள தம்பி,

உதயகலாவின் படபடப்பு எப்படி? இரவில் கோப்பி குடிக்க வேண்டாம் என்று சொல்லும். நான் இருக்கிறேன்.

உமது கடிதத்தில் முக்கால் பங்கு சூடையும் வலையும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் இப்படித்தான் பக்கத்தை நிரப்புவார்கள். விடை தெரிந்தும் எழுதப் பயந்த பிள்ளைகளும் நிரப்புவார்கள்.

"எல்லாம் நின்றுபோயிருந்தது" என்று எழுதியிருக்கிறீர். எது நின்றது?

நானும் யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் பிறந்தவள். தைப்பொங்கலுக்கு முன் அந்தக் கரையெல்லாம் பட்டம் ஏற்றிப் பனையில் கட்டிவிட்டு, இறக்காமலே படுக்கப் போவார்கள். பட்டத்தின் தலையில் வில் மாதிரிக் கட்டிய விண் காற்றுக்கு அதிர்ந்து விடியும்வரை கூவும். எந்த வீட்டு விண் என்று சத்தத்திலேயே சொல்லுவோம். நடுவில் ஓய்ந்தால் எங்களுக்கு நித்திரை குழம்பிவிடும்.

யாருடையது என்று கேட்கவில்லை. அன்றைக்கு விடிய உங்கள் கரையில் பட்டம் ஒன்று நின்றதா என்று மட்டும் கேட்கிறேன். சாட்சியம் எழுதிக் கொடுக்க இந்த மாதம் முப்பதாம் திகதிதான் கடைசி நாள். அதோடு அறிக்கையை மூடிவிடுவார்கள். பிறகு என் மகனின் பெயர் எந்தக் காலத்திலும் அப்படியே கிடக்கும்.

நேசம்மா அக்கா

*

பனைமுனை.
ஏப்ரல் 11.

ரீச்சர் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கால் சுகமாக வேண்டும் என்று நானும் நேர்ந்திருக்கிறேன். இது தியாகலிங்கத்தின் மனைவி உதயகலா எழுதுவது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து அவர் சாப்பிடுவதில்லை. கடலுக்குப் போனாலும் வலையைப் போடாமல் திரும்பி வருகிறார் என்று செபநாயகம் அண்ணை சொல்கிறார். கேட்டால், "எனக்கு ஒண்டுமில்லை, நீ உன்ரை அலுவலைப் பார்" என்கிறார்.

இங்கே பட்டம் ஒன்றும் நிற்கவில்லை. அப்படி யாரும் சொன்னால் பொய். நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு விளங்கும். போன உயிர் திரும்பி வராது. எங்களுக்கும் ஒரே ஒரு பிள்ளைதான். அவள் பரீட்சை எழுத வேண்டும். தகப்பனைப் பொலிஸ் கொண்டுபோனால் அவள் எப்படிப் படிப்பாள்?

இனி அவருக்கு எழுத வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உதயகலா

*

தெஹிவளை,
ஏப்ரல் 16.

தம்பி தியாகலிங்கம்,

சுகமாக இருக்க வேண்டும்.

உமது மனைவி எழுதியது கிடைத்தது. அவளைக் கோபிக்க வேண்டாம். நான் அவளுடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

நான் பொலிசுக்கு எழுதமாட்டேன். விசாரணைக் குழுவுக்கும் எழுதமாட்டேன். ஊரில் வேறு ஒருவரையும் விசாரிக்கமாட்டேன். உம்மை மட்டும்தான் கேட்கிறேன். முப்பதாம் திகதி வரை பதினான்கு நாள் இருக்கிறது.

நேசம்மா

*

பனைமுனை.
ஏப்ரல் 25.

அக்காவுக்கு,

உங்கள் உடல்நலத்தை விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கை அப்படித்தான் எழுதத் தொடங்குகிறது.

பட்டம் நின்றது. அது என்னுடையது.

எட்டுமூலைப் பட்டம், ஆள் உயரத்துக்கும் மேலே. நானே வளைத்து, நானே ஒட்டியது. விண்ணும் நானே செதுக்கினேன். மூன்று நாள் இறக்காமல் நின்றது. கட்டியிருந்தது எங்கள் வளவின் கடற்கரைப் பனையில், வள்ளம் கட்டுகிற நைலோன் கயிற்றில். இனி சின்ன விமானங்கள் பழக வரும், இரவில் பட்டம் விடக்கூடாது என்று கிராம சேவையாளர் எங்கள் மீனவர் சங்கக் கூட்டத்தில் கட்டளை வாசித்தவர். எல்லோரும் ஓம் என்றோம். பொங்கல் வரைக்கும் பார்ப்போம் என்று எல்லோரும் விட்டோம். எட்டாம் திகதி பின்னேரம் மற்றவர்கள் பயந்து இறக்கிவிட்டார்கள். நான் இறக்கவில்லை. என் விண்ணைக் கேட்டு நாற்பது வீடு படுக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை.

நான் கரையில் வலை உதறிக்கொண்டு நின்றேன் என்று எழுதியது பொய். முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வாடை அடங்கியது தெரிந்தது. விண் சத்தம் கனத்து, பட்டம் கடற்பக்கம் சாய்ந்து பதிந்துகொண்டு வந்தது. விமானம் வருகிற பாதை அது. கடலில் போகிறவனுக்குக் காற்று மாறினால் என்ன நடக்கும் என்று தெரியாமல் இருக்குமா? உதயகலா சொன்னாள், "இறக்கிப்போட்டு வந்து குடியுங்கோவன்." நான் சொன்னேன், "பொறு, இதைக் குடிச்சிட்டு வாறன்." கோப்பை பாதி இருந்தது.

விமானச் சத்தம் கேட்டது. பனை ஒருதரம் ஆடியது. விண் நின்றது.

வள்ளத்தில் போனபோது உங்கள் மகன் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். நன்றாகக் கதைத்தார். அவர் அம்மா என்று சொல்லவில்லை அக்கா. முதல் சொன்னது "கயிறு". என்னைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார், "அண்ணை, கயிறு." பிறகு பக்கத்தில் கையைக் காட்டி, "என்னை விடுங்கோ, பொடியனை முதல் தூக்குங்கோ" என்றார். அவர் சொன்னபடி பொடியனைத்தான் முதலில் இருக்கை வாரை அறுத்து வள்ளத்தில் ஏற்றினோம். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே உயிர் இல்லை. எங்களுக்கு அது ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. திரும்பி உங்கள் மகனிடம் போக, அவரும் முடிந்திருந்தார்.

இதை ஏன் மறைத்தேன் என்றால், அவர் கதைத்தார் என்று எழுதினால் வேறு என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். சாகிறவன் அம்மா என்றுதான் சொல்லுவான் என்று நினைத்து அதை எழுதினேன். நீங்கள் மம்மி என்று எழுதிய அன்றைக்கு, அகப்பட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். அதுதான் அதைவிடப் பெரிய அடி.

பட்டம் கடலோடு போய்விட்டது. பனையில் மிஞ்சிய கயிற்றைச் சுருட்டி, வலை வைக்கிற கொட்டிலில் ஒளித்தேன். அறுந்த நுனியில் வெள்ளைப் பெயின்ற் பிடித்திருக்கிறது. அன்று விசாரிக்க வந்தவர்களிடம் ஒன்றும் காணவில்லை என்றேன். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அந்த விண்ணைக் கேட்டுத்தான் படுத்தவர்கள்.

நேற்றுக் காலை செபநாயகம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றை விசாரணைக் குழுவிடம் கொடுத்து, இதெல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். போகும்போது உதயகலா வாசலில் குறுக்கே நின்றாள். ஆரபிதான் தாயின் கையைப் பிடித்து விலக்கினாள்.

தியாகலிங்கம்

*

பனைமுனை.
ஜூன் 9.

அக்காவுக்கு,

சுகமாக இருக்க வேண்டும். உங்களிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும்.

அறிக்கையை மாற்றிவிட்டதாக இங்கே அதிகாரி சொன்னார். உங்களுக்கும் அறிவித்திருப்பார்கள். என் மேல் வழக்கு வைத்திருக்கிறார்கள். மே மாதம் பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தேன், செபநாயகம் அண்ணை பிணை நின்று எடுத்தார். ஜூலை பதினெட்டாம் திகதி திரும்பவும் கோட்டுக்குப் போக வேண்டும். பொலிஸ் வீடு வீடாக வந்து விசாரித்ததால் ஊரில் பலர் என்னோடு கதைப்பதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மற்றது, அந்தப் பனையைத் தறித்துவிட்டேன். தறித்த பிறகுதான், பனை என்ன பிழை செய்தது என்று தோன்றியது.

தபால்காரர் வருகிற நேரம் வாசலுக்குப் போகக் கூடாது என்று தினமும் நினைக்கிறேன். தினமும் போகிறேன்.

தியாகலிங்கம்

*

தெஹிவளை,
ஜூன் 30.

தம்பி தியாகலிங்கம்,

உமது ஏப்ரல் கடிதத்தை வாசித்துவிட்டு வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். பிறகு அதில் இருக்கக் கூடாது என்று எடுத்து அலுமாரிக்கு மேலே எறிந்தேன். எட்டி எடுக்க என் காலுக்குப் பலம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு திரும்ப எடுப்பித்தேன். இப்படியே இரண்டு மாதம் போனது.

எனக்கு உம்மேல் கோபம். அது தீரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். கயிறு, கட்டளையை மீறியது, பெருமை, இவற்றையெல்லாம் ஒருமாதிரி விளங்கிக்கொள்ளப் பார்க்கிறேன். அந்தப் பாதிக் கோப்பைத் தேத்தண்ணியில் வந்து நிற்கிறேன். எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அம்மா என்ற சொல் பொய் என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் வைத்திருந்தேன். வேறு ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

அறிக்கை வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பயிற்றுநர் கடைசி வரை சரியாகவே செயற்பட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். அதை யதுசனின் தகப்பனுக்கு அனுப்பினேன், அதோடு உமது கடிதத்தில் வள்ளம் வருகிற பக்கத்தையும் பிரதி எடுத்து வைத்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்க்க, அந்த மனிசன் என் வாசல் படியில் இருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன். வந்து இருந்தார். சட்டைப் பையில் இருந்து அந்தப் பிரதியை எடுத்து விரித்தார். பிறகு, "என்ரை பிள்ளையை முதல் தூக்கச் சொன்னவராம், என்ன ரீச்சர்?" என்றார். "ஓம்" என்றேன். "நான் போனில அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது" என்றார். நாங்கள் இரண்டு பேரும் இருந்து அழுதோம். எழுதித் தந்தது நீர். மூன்று மாதத்துக்கு மேல் தராமல் வைத்திருந்ததும் நீர்.

கோட்டில் என்னைக் கேட்டால், நீராகவே வந்து சொன்னீர் என்று எழுதிக் கொடுப்பேன். அது உண்மை, அதனால் கொடுப்பேன். அதற்கு மேல் ஒன்றையும் அதில் தேட வேண்டாம்.

கடிதத் தொடக்கத்தில் நான் சுகம் விசாரிக்கவில்லை என்பதைக் கண்டிருப்பீர். மறந்துபோய் விடவில்லை. இரண்டு தாளில் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். உம்மைச் சுகமா என்று கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஆரபி சுகமாக இருக்கிறாளா? படிக்கிறாளா? அதை எழுதும்.

நேசம்மா அக்கா